ஷொகோரின் அரை மணி

டாக்காவில் மணி ஏழு என்றால் இந்தியாவில் ஆறரை. எங்கள் கடிகாரம் அவர்களுடையதைவிட அரை மணி முன்னால் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முப்பத்தொரு வருடம் ஆற்றில் நீர்மட்டம் பார்த்த எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

என் பெயர் மோஸம்மெல் ஹக். மாலதி ஆறு இந்தியாவை விட்டு எங்கள் பக்கம் நுழைந்து பதினெட்டு கிலோமீட்டர் வந்ததும் ஒரு வளைவு எடுக்கும். அந்த வளைவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அளவுகோல் ஒன்று தண்ணீருக்குள் நிற்கிறது. அதை ஐந்து வேளை பார்த்து எழுதுவது என் வேலை. தொழுகையும் ஐந்து வேளை, கோலும் ஐந்து வேளை என்று ஊரில் கேலி செய்வார்கள். ஊரார் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பானி சாஹிப் என்பார்கள். தண்ணீர்க்காரர்.

என் கோலுக்கு நேர் எதிரே, ஆற்றின் நடுவில், போரோலித் திட்டு இருக்கிறது. நாற்பத்து மூன்று வீடுகள். நிலக்கடலையும் சோளமும் போடுவார்கள். மழைக்காலத்தில் மேலே இந்தியப் பக்கத்துத் தடுப்பணையில் மதகுகளைத் திறந்தால், சரியாக மூன்று மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் திட்டுக்கு வந்துவிடும். அதற்குள் நாற்பத்து மூன்று வீடும் கரையேற வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் ஆடு மாடு, விதை மூட்டை, கதவு, தகரம் வரை கழற்றிக்கொண்டு வந்துவிடலாம். தெரியாவிட்டால் உயிர் மட்டும் வரும். சில சமயம் அதுவும் வராது.

திறக்கப் போவதை முறைப்படி எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்த ஆற்றுக்கு ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாத ஆற்றுக்குச் செய்தி அனுப்ப வேண்டிய கடமையும் இல்லை என்று ஒரு பக்கம் சொல்கிறது. மனிதாபிமானம் என்று ஒன்று இல்லையா என்று மறு பக்கம் கேட்கிறது. இரண்டு தலைநகரங்களும் வருடக்கணக்கில் இதையே கடிதமாக எழுதிக்கொண்டிருக்கின்றன.

ஒரு காலத்தில் ஒப்பந்தம் வருவது போல இருந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து அளக்க வேண்டும் என்று முடிவானது. தை முதல் வைகாசி வரை, மூன்று கோடைகள் அளந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் தரணி பர்மன். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் தரணிதா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மோஸம்மெல் பாய். பாதி நாள் அவர் எங்கள் ஊரில் தங்குவார், பாதி நாள் நான் அவர்கள் ஊரில் தங்குவேன்.

முதல் நாளே தகராறு. பதிவேட்டின் தலைப்பில் அவர் ‘ஜல்’ என்று எழுதினார். நான் ‘பானி’ என்று எழுத வேண்டும் என்றேன். ஒரே மொழி, ஒரே பொருள், ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு சொல், எங்கள் வீட்டில் ஒரு சொல். இரண்டு பேருக்கும் மேலதிகாரிகளின் பயம் வேறு. கடைசியில் அளக்கும் படகை ஓட்டிக்கொண்டிருந்த ஷொகோர் அலிதான் திரும்பிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னான்.

“ஆறுன்னு எழுதித் தொலைங்க. குடிக்கும்போது ரெண்டு பேரும் வாயத்தான தொறக்கப் போறீங்க?”

‘நதி’ என்று எழுதினோம். மூன்று வருடமும் அதுவே இருந்தது.

ஷொகோருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். போரோலித் திட்டுக்காரன். பல் தெரியச் சிரிப்பான். தரணிதாவுக்கு நீச்சல் தெரியாது. படகு லேசாக ஆடினாலே பலகையைப் பிடித்துக்கொள்வார். “தண்ணிய அளக்க வந்தவரு தண்ணியப் பாத்துப் பயப்படுறாரே, உங்க நாட்ல வேற ஆளே கெடைக்கலையா பாபு?” என்பான் ஷொகோர். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “பயப்படுறவன்தான் சரியா அளப்பான்டா” என்பார். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, ஷொகோர் திட்டிலிருந்து தினமும் போரோலி மீன் குழம்பு கொண்டுவந்தான். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடிகார விஷயத்தை ஆரம்பித்து வைத்ததும் தரணிதாதான். எங்கள் ஊருக்கு வந்த முதல் நாள் மாலை, கைக்கடிகாரத்தைக் கழற்றி முள்ளை அரை மணி முன்னால் தள்ளினார். “விருந்தாளி கடிகாரம் வீட்டுக்காரர் கடிகாரத்தோட போகணும் பாய். இல்லன்னா சாப்பாட்டுக்கு லேட்டா வருவேன்” என்றார். நான் அவர்கள் ஊருக்குப் போனபோது என்னுடையதை அரை மணி பின்னால் தள்ளினேன். அதைச் சட்டம் போலவே வைத்துக்கொண்டோம். ஷொகோர் அதற்கும் சும்மா இருக்கவில்லை. “உங்க கடிகாரம் என்ன, ரெண்டு பொண்டாட்டிக்காரனா? எந்த வீட்ல இருக்கோ அந்த வீட்டுப் பேச்சப் பேசுது.”

மூன்றாவது கோடையின் முடிவில் இரண்டு நாட்டு அமைச்சர்களும் கையெழுத்துப் போடப் போவதாகச் செய்தி வந்தது. பேனாவைக்கூட எடுத்து வைத்துவிட்டார்கள் என்று எங்கள் அதிகாரி சொன்னார். படித்துறையில் இனிப்பு வாங்கி வைத்துக் காத்திருந்தோம். அன்று மாலையே ‘இப்போது இல்லை’ என்று தகவல் வந்தது. யார் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்று எங்களைப் போன்றவர்களுக்கு யார் சொல்வார்கள்? இனிப்பைத் திட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

கிளம்பும்போது தரணிதா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“பாய், நான் மதகுப் பதிவேடு எழுதுறவன். எப்போ தொறக்கப் போறாங்கன்னு எனக்குத்தான் முதல்ல தெரியும். போன் பண்றேன்.”

“வேலைக்கு ஆபத்து தரணிதா. எல்லை தாண்டிப் போற போனை எல்லாம் கேக்குறாங்களாம்.”

“கல்யாண வீட்டு விஷயம் பேசினா யாரு என்ன கேக்கப் போறாங்க?”

அப்படித்தான் அது தொடங்கியது. மதகுகள் மாப்பிள்ளை வீட்டார் ஆயின. ‘மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர், எட்டு மணிக்குக் கிளம்புறாங்க’ என்றால் பத்து மதகு, எட்டு மணி. ஒரு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டோம். அவர் தன் கடிகாரப்படி சொல்வார். நான் அரை மணி கூட்டிக்கொள்வேன். அதோடு ஆற்றின் மூன்று மணி நேரம். ஒன்பது மழைக்காலம் ஒரு பிசகும் வரவில்லை. திட்டில் ஒரு கோழிக்குஞ்சுகூடப் போகவில்லை. பானி சாஹிபுக்குக் கனவில் சேதி வருகிறது என்று திட்டுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். ஷொகோருக்கு மட்டும் உண்மை தெரியும். “நம்ம பாபு எப்படி இருக்காரு? இப்பவாவது நீச்சல் கத்துக்கிட்டாரா?” என்று என்னிடம் கேட்பான்.

பத்தாவது வருடம் நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல தரணிதா கூப்பிட்டார். அந்த மாதிரி நாட்களில் கொஞ்சம் தாராளமாகப் பேசுவோம். நான் விளையாட்டாகப் புலம்பினேன்.

“வயசாயிடுச்சு தரணிதா. நீங்க மணி சொல்றீங்க, நான் அரை மணி கூட்டுறேன். கூட்டணுமா கழிக்கணுமான்னு ஒரு நிமிஷம் தலை சுத்துது. நான் கபர் குழிக்குப் போறதுகூட அரை மணி லேட்டாத்தான் இருக்கும் போல.”

அவர் சிரித்தார். “அவ்வளவு கஷ்டப்படுறீங்களா? சரி, அதை நான் பாத்துக்குறேன். சேமியா சாப்பிட்டீங்களா?”

பேச்சு சேமியாவுக்குப் போய்விட்டது.

அந்த வருடம் மழை பிந்தியது; மதகுகள் ஒருமுறையும் திறக்கவில்லை. மழைக்காலத்தின் நடுவில் ஒரு வியாழக்கிழமை. விடியலில் சுபுஹுத் தொழுகை முடித்து வெளியே வந்தேன், போன் அடித்தது.

“மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேர், பாய். ஏழு மணிக்குக் கிளம்புறாங்க. பெரிய கூட்டம்.”

“இன்ஷா அல்லாஹ், வரவேற்கத் தயாரா இருக்கோம்.”

பதினெட்டு என்பது அதுவரை வராத எண். அவர் போனை வைத்துவிட்டார். நான் கணக்குப் போட்டேன். அவர்களுக்கு ஏழு, நமக்கு ஏழரை. ஆற்றுக்கு மூன்று மணி. பத்தரைக்குத் தண்ணீர்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னேன். மூன்று படகுகள் ஓடின. ஷொகோருடையதுதான் பெரியது. மழை இல்லை, ஆறு அமைதியாகக் கிடந்தது, அதனால் சிலர் முனகிக்கொண்டேதான் ஏறினார்கள். ஒன்பதரைக்குள் எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி எண்ணினேன். நாற்பத்து மூன்றும் சரியாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுக் கோலடியில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அமிரோன் சாச்சி அழத் தொடங்கினாள். திட்டுக்கே சின்னம்மா முறை; விதவை, காது கேட்காது. அவளுடைய ஆடு அன்று காலைதான் இரண்டு குட்டி போட்டிருந்தது. பரபரப்பில் அதைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டார்கள். அவளுக்கு அந்த ஆட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

ஷொகோர் படகைக் கட்டப் போனவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“பானி சாஹிப், இன்னும் ஒரு நடை போலாமா?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது. போக வர முப்பத்தைந்து நிமிடம் ஆகும். பத்தேகாலுக்கு வந்துவிடுவான். கால் மணி கையில் மிச்சம்.

“நேரம் இருக்கு ஷொகோர். போய்ட்டு வா.”

அவன் மனைவி ஜொய்குன் கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றாள். “ஆட்டுக்காகவா போற?” என்றாள். “சாச்சி என்னை ஊமைப் பாஷையில திட்டுறதைப் பாத்தியா? அதுக்கு இதுவே மேலு” என்று சொல்லிச் சிரித்தபடி படகைத் தள்ளிக்கொண்டு போனான்.

பத்து மணி ஒரு நிமிடத்துக்கு என் கோலில் தண்ணீர் ஒரே மூச்சில் ஏறியது. முதலில் சத்தம் வரவில்லை. நுரையும் சருகும்தான் வந்தன. பிறகு பழுப்புச் சுவர் போல வந்தது. ஷொகோர் நடு ஆற்றில் திரும்பி வந்துகொண்டிருந்தான். படகில் ஆடு நிற்பது தெரிந்தது. அவன் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. கரையில் நின்ற யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஏழு கிலோமீட்டர் கீழே அவன் மையத்து கிடைத்தது. ஆடு எப்படியோ நீந்திக் கரையேறிவிட்டது. ஒரு குட்டியும் பிழைத்தது. அந்த ஆடு இன்றும் என் கோலடிக்கு மேய வருகிறது. அதை நான் விரட்டுவதில்லை. நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை.

மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். “முன்னறிவிப்பு ஏதும் வந்ததா?” என்று கேட்டார் அதிகாரி. முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை. அது உண்மை. “வரவில்லை” என்றேன். போன் வந்ததைச் சொன்னால் தரணிதாவின் வேலை போகும். உளவாளி என்றுகூடச் சொல்லுவார்கள். அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் மனதில் அவர் மேல் கோபம் இருந்தது. ஏழு என்று சொல்லிவிட்டு ஆறரைக்கே திறந்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? மாற்றிவிட்டார்கள் என்று மறுபடி ஒரு போன் போட முடியாதா? ஒரு பிணத்தின் மேல் நின்றுகொண்டு ஒரு மனிதரைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையும் அந்தக் கோபத்துக்குள் ஒளிந்திருந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

நான் சொன்ன அந்த ஒரு சொல் அறிக்கையில் ஏறியது. அறிக்கை டாக்காவுக்குப் போனது. ‘எந்த அறிவிப்பும் இன்றித் தண்ணீர் திறக்கப்பட்டதில் ஓர் உயிர் போனது’ என்று எங்கள் நாடு அந்த நாட்டுக்குக் கண்டனம் எழுதியது. ‘விதிப்படியே திறந்தோம், உங்கள் ஆட்களின் கவனக்குறைவு’ என்று பதில் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் மறுபடி தொடங்குவதாக இருந்த ஆற்றுப் பேச்சு தள்ளிப்போனது. எங்கள் கடைத்தெருவில் ஊர்வலம் போனார்கள். ஷொகோரின் படத்தைப் பெரிதாக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தப் படத்தில் அவன் சிரிக்கவில்லை.

தரணிதா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் தினமும், பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. நான் எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை போனைக் கவிழ்த்து வைத்திருப்பேன். ஒன்பது மாதம். அந்த மழைக்காலத்தில் மதகுகள் மறுபடி திறக்காதது அல்லாஹ்வின் கருணை.

சித்திரை பிறந்ததும் எல்லை வேலியில் ஒருநாள் இரண்டு பக்கத்து ஜனங்களும் சந்தித்துக்கொள்ள விடுவார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அக்கா தங்கைகள் கம்பி வழியாக விரலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பொட்டலங்கள் தலைக்கு மேலே பறக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் யாருக்கும் எதுவும் கேட்காது. என் மருமகள் தன் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள், கூட்டிப் போனேன்.

“மோஸம்மெல் பாய்.”

கம்பிக்கு அந்தப் பக்கம் தரணிதா நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

“செத்துட்டீங்கன்னு நெனச்சேன். உங்க ஊர்க்காரன் ஒருத்தனைப் பிடிச்சுக் கேட்டேன். நல்லாத்தான் இருக்காரு, தினமும் கோல் பாக்குறாருன்னான். அப்போதான் பாய் எனக்குப் பயமாயிடுச்சு. உயிரோட இருந்துகிட்டு எடுக்கலையே.”

நான் மருமகளைத் தேடுவது போலத் திரும்பினேன்.

“என்ன தப்பு பண்ணேன்? சொல்லிட்டுக் கோபப்படுங்க.”

“அரை மணி முன்னாடியே வந்துடுச்சு, தரணிதா.”

“எது?”

“தண்ணி. நீங்க ஏழுன்னீங்க.”

“ஆமா, ஏழு. ஆறரைக்குத் தொறந்தோம். என் கையாலதான் எழுதினேன்.”

“ஆறரைக்குத் தொறந்துட்டு என்கிட்ட ஏழுன்னு சொன்னீங்களா?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். பக்கத்தில் ஒரு பெண் ‘அம்மா அம்மா’ என்று கூவிக்கொண்டிருந்தாள். தரணிதா கம்பிக்கு இன்னும் நெருங்கி வந்தார்.

“உங்க ஏழு, பாய். உங்க ஊர் ஏழு. நீங்கதான பெருநாள் அன்னிக்குச் சொன்னீங்க, கூட்ட முடியல, தலை சுத்துதுன்னு? இனிமே நானே மாத்திச் சொல்றேன்னு சொன்னேனே.”

‘அதை நான் பாத்துக்குறேன். சேமியா சாப்பிட்டீங்களா?’

அந்தக் குரல் அப்படியே காதில் வந்தது. கம்பித் தூணைப் பிடித்துக்கொண்டேன். விருந்தாளி கடிகாரம் வீட்டுக்காரர் கடிகாரத்தோடு போக வேண்டும். அவர் என் வீட்டு மணியைச் சொன்னார். நான் அதை அவர் வீட்டு மணி என்று எடுத்துக்கொண்டேன். அவர் எனக்காக ஒரு அரை மணி கூட்டினார். நான் அதன் மேல் இன்னொரு அரை மணி கூட்டினேன். அந்த இரண்டாவது அரை மணிக்குள்தான் ஷொகோரை அனுப்பினேன்.

தரணிதா வாழ்நாளெல்லாம் கூட்டிக் கழித்தவர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரும் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

“நீங்களும் கூட்டிட்டீங்களா?”

தலையசைத்தேன்.

“படகுக்காரர் ஒருத்தர்னு எங்க பேப்பர்ல போட்டிருந்துச்சு. அது பொய்யி, அரசியலுக்குச் சொல்றாங்கன்னு எங்க ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நானும் சரின்னு… யாரு பாய் அது?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரோ ஒருவர் என்று சொல்லியிருக்கலாம். அறுபது வயதில் அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒன்பது மாதம் தனியாகச் சுமந்ததை அந்த நிமிடத்தில் என்னால் இறக்கி வைக்காமல் இருக்க முடியவில்லை.

“நம்ம ஷொகோர்.”

அவர் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தார். கம்பியின் முள் குத்துவதைப் பார்க்கவில்லை. பிறகு ஊதல் சத்தம் கேட்டது, காவலர்கள் கூட்டத்தைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் பொட்டலத்தை வீசினார். அது பாதி கம்பியில் மாட்டிக் கிழிந்தது. தேங்காய் உருண்டைகள் இரண்டு பக்கமும் சிதறின. நான் என் பக்கம் விழுந்ததைப் பொறுக்கினேன். அவர் மனைவி எனக்கு ஒவ்வொரு வருடமும் செய்து அனுப்புவது.

மறுநாள் ஜொய்குனைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றே கால் இழுத்தது. அவள் கரையில் சணல் நாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் கீழேயே உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். போன், கல்யாணப் பேச்சு, பெருநாள் விளையாட்டு, இரண்டு அரை மணி. “போய்ட்டு வான்னு சொன்னது நான்தான், ஜொய்குன். நேரம் இருக்குன்னு சொன்னதும் நான்தான்.”

அவள் கை நிற்கவில்லை. பிரித்தபடியே கேட்டாள்.

“இத ஏன் இப்ப சொல்றீங்க?”

“உனக்குத் தெரியணும்.”

“இந்தியாக்காரன் கொன்னுட்டான்னு புள்ளைங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பெரியவன் அத வெச்சுத்தான் அழுகைய நிறுத்தினான். இனிமே என்ன சொல்றது?”

‘இரண்டு பேர் நல்லது நினைத்ததால் உன் அப்பன் போனான்’ என்று எந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியும்?

“மன்னிச்சுடுன்னு கேக்க வந்தீங்களா?”

“கேக்க வாய் வரல.”

“வராமயே இருக்கட்டும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “அமிரோன் சாச்சி ஆட்டுப்பால் கொண்டாந்து குடுக்குது. அதையே என்னால குடிக்க முடியல. புள்ளைங்களுக்குக் குடுத்துடுறேன்.”

நான் எழுந்தேன். நாலடி நடந்திருப்பேன்.

“சாஹிப்.”

திரும்பினேன்.

“அந்த ஆளு இந்த வருஷமும் போன் பண்ணுவாரா?”

“தெரியலம்மா. நான்தான் எடுக்காம விட்டேன்.”

“எடுங்க. திட்டுல இன்னும் நாப்பத்து மூணு வீடு இருக்கு.” ஒரு நாரை இழுத்து நீளமாக விட்டாள். “மணி சொல்ல வேணாம்னு சொல்லுங்க அவருகிட்ட. உங்க மணி, எங்க மணி, எதுவும் வேணாம். இன்னும் எவ்வளவு நேரத்துல வரும்னு சொன்னாப் போதும். சோறு வேக எவ்வளவு நேரம்னு யாராவது கடிகாரம் பாத்தா சொல்றாங்க?”

முப்பத்தொரு வருடம் கோல் பார்த்தவன் நான். முப்பத்தாறு வருடம் பதிவேடு எழுதியவர் அவர். மூன்று கோடைகள், ஆற்றின் ஆழத்தை விரற்கடை பிசகாமல் அளந்தோம். இது எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை நானே தரணிதாவைக் கூப்பிட்டேன். ஜொய்குன் சொன்னதை அப்படியே சொன்னேன். “சரி பாய். அவங்க சொன்னபடியே” என்றார்.

அந்த அறிக்கை மட்டும் இன்னும் இரண்டு நாட்டு அலமாரிகளிலும் இருக்கிறது. அதில் நான் சொன்ன ‘வரவில்லை’ என்ற சொல் இருக்கிறது. திருத்தினால் ஒரு கிழவர் சிறைக்குப் போவார். திருத்தாததால் எத்தனை கடிதங்கள் கடுமையாக எழுதப்பட்டனவோ, எத்தனை கூட்டங்கள் தள்ளிப்போயினவோ, எனக்குத் தெரியாது. தொழுகைக்குப் பின் துஆ கேட்கும்போது அதைத்தான் அல்லாஹ்விடம் சொல்கிறேன். மனிதர்களிடம் சொல்ல வழியில்லை.

ஆனி மாதம் ஒரு காலை போன் அடித்தது.

“மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர், பாய். இன்னும் நாலு மணி நேரத்துல உங்க வாசலுக்கு வந்துடுவாங்க.”

“நாலு மணி நேரம்.”

“நாலு மணி நேரம்” என்றார் திரும்பவும். வழக்கமாக உடனே வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் பக்கத்தில் ஏதோ மணி அடித்தது. “ஷொகோர் வீட்டுப் புள்ளைங்கள முதல் படகுல ஏத்துங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் படித்துறைக்கு ஓடினேன். படகுகள் இப்போது இரண்டுதான். ஜொய்குன் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது குறைவு.

“எவ்வளவு நேரம்?”

“நாலு மணி.”

அவள் படகுக்காரர்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள். “மூணரை மணி நேரம். அதுக்கு மேல யாரும் தண்ணியில இருக்கக் கூடாது. ஆடானாலும் சரி, அப்பனானாலும் சரி.”

யாரும் கேள்வி கேட்கவில்லை. அன்று தொடங்கி, எவ்வளவு நேரம் சொன்னாலும் அதில் ஒரு அரை மணியைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது இப்போது திட்டில் வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் எந்தப் படகும் ஓடாது. எல்லோரும் கரையில் உட்கார்ந்து வெறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு ஷொகோரின் அரை மணி என்று பெயர். யார் வைத்த பெயர் என்று தெரியவில்லை.

நான் கோலடியில் நின்று மட்டத்தை எழுதுவேன். தண்ணீர் இன்னும் வந்திருக்காது. ஆடு பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்.